கருவாட்டுத் துண்டும் மரபணுவும்

ஒலுவில் துறைமுகத்தை அண்டிய கரையில் முழு உடலோடு இறக்கப்படும் சுறா எந்த இனம் என்று சொல்ல மீனவருக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. அதுவே தலையும் வாலும் செட்டையும் நீங்கிக் கருவாடாகிவிட்டால், 2012 முதல் இலங்கையில் பிடிக்கத் தடைசெய்யப்பட்ட நீள்வால் சுறாவா வேறொன்றா என்பதைக் கண் அறியாது. துண்டில் எஞ்சியிருக்கும் டி.என்.ஏ., அதாவது பரம்பரைத் தகவலைத் தாங்கும் நீண்ட மூலக்கூறு, அறிவிக்கும்.

அதைப் பிரித்தெடுப்பது பெரும் வித்தையன்று. சவர்க்காரம் உயிரணு மென்சவ்வைக் கரைக்க, உப்பும் குளிர்ந்த மதுசாரமும் சேர்ந்து டி.என்.ஏ.யை வெண்ணிற இழைகளாக வெளிக்கொணரும். அடுத்த படி, 1983இல் கரி முல்லிஸ் கண்டறிந்த பி.சி.ஆர். எனும் பெருக்கல் முறையாகும். ஏறத்தாழ 95, 55, 72 பாகை செல்சியஸ் என வெப்பநிலையை மாற்றி மாற்றிச் சுழற்றினால், தேவையான பகுதி ஒவ்வொரு சுற்றிலும் இரட்டித்து, 30 சுற்றுகளில் கோட்பாட்டளவில் 100 கோடி மடங்காகிவிடும். இதைச் செய்யும் பொறி இன்று பயணப்பைக்குள் அடங்கும். டி.என்.ஏ.யின் எழுத்துவரிசையைப் படிக்கும் மினயன் என்ற கருவியோ 100 கிராமுக்கும் குறைவான எடையுள்ளது. 2015இல் கினியாவுக்கு விமானப் பயணப் பொதிகளில் கொண்டுசெல்லப்பட்டு, எபோலா மாதிரிகளை ஒரு நாளுக்குள் படித்தது.

ஆனால் கருவி சிறுத்த அளவுக்குக் கைப்பழக்கத்தின் தேவை சிறுக்கவில்லை. நுண்குழாயியால் எடுக்கப்படும் ஒரு மைக்ரோலீற்றர் என்பது நீர்த்துளியொன்றில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. முந்தைய மீனின் தசைத் துணுக்கு கத்தியில் ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்தே பெருகும். எனவே ஒவ்வொரு முறையும் மீன் சேராத, நீர் மட்டும் இட்ட ஒரு குழாயும் பொறிக்குள் வைக்கப்படுகிறது. அதிலும் டி.என்.ஏ. தோன்றினால் அன்றைய முடிவுகள் அனைத்தையும் வீசிவிட வேண்டியதுதான். மேலும், பெருக்கலைச் செய்யும் நொதியங்கள் பொதுவாக −20 பாகையில் பேணப்படுபவை. கிழக்குக் கரையின் வெயிலிலும் மின்தடையிலும் இது சில்லறைச் சிக்கலன்று. படித்த வரிசையை ஒப்பிட, இனம் உறுதிசெய்யப்பட்ட மீன்களின் வரிசைத் தொகுப்பும் வேண்டும். 2003இல் போல் ஹேபேர்ட் முன்மொழிந்த, ஏறத்தாழ 650 எழுத்துக்கள் கொண்ட மரபணுப் பகுதியே விலங்குகளை இனங்காணும் பொது அடையாளமாக இன்று பயன்படுகிறது.

மீனுக்குப் போதுமான இந்த ஏற்பாடு மனித உறவைத் தீர்மானிக்கப் போதாது. 2004 சுனாமியின்போது கல்முனையில் உயிரோடு மீட்கப்பட்டு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட வரிசையால் ‘81ஆம் இலக்கக் குழந்தை’ எனப்பட்ட சிசுவின் பெற்றோர் யார் என்பதை, நீதிமன்ற உத்தரவின்படி கொழும்பில் நடந்த டி.என்.ஏ. பரிசோதனை 2005 பெப்ரவரியில் உறுதிப்படுத்தியது. அங்கே வேதியியலோடு, மாதிரி எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போனது என்ற சான்றும் இன்றியமையாததாக இருந்தது. அந்தச் சான்றைப் பைக்கருவி தராது.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கையில், கருவாட்டின் இனத்தை இக்கரையிலேயே அறியும் பயிற்சியை மாணவருக்கு அளிப்பது தகும். பெற்றோர் யார் என்ற வழக்கை மட்டும் நீதிமன்றத்துக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடத்துக்கும் விட்டுவிட வேண்டும்.