தறிவீட்டுப் பிள்ளையைத் தெருவுக்கு விடுங்கள்

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என நாடாக்கள் மூன்றையும் ஒரே ஆள் ஓட்டுவது கடினம் என்பதால் நெய்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிவிட ஒரு துணைக்கை தேவைப்படும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் நெடுங்காலம் அந்தத் துணைக்கை சிறுவர் சிறுமியரின் கையாகவே இருந்தது. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003 ஜனவரியில் வெளியிட்ட பட்டுத்தொழில் பற்றிய அறிக்கையில், பெற்றோர் வாங்கிய கடனுக்காகத் தறியில் உட்கார்த்தப்பட்ட காஞ்சிபுரத்துக் குழந்தைகளும் இடம்பெற்றார்கள். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள், பெற்றோரின் மனமாற்றம் எல்லாம் சேர்ந்து அந்தப் பிள்ளைகளைப் பெருமளவுக்குத் தறியிலிருந்து எழுப்பிவிட்டன. சின்ன வெற்றியல்ல அது. ஆனால் எழுந்த பிள்ளை தெருவுக்குப் போகவில்லை. வகுப்பறைக்குப் போனது, அங்கிருந்து டியூஷனுக்கு, மிச்ச நேரம் கைப்பேசிக்கு. இந்த மூன்றும் கூரைக்குக் கீழே நடப்பவை, மூன்றும் கண்ணை ஒரு முழ தூரத்தில் கட்டிப்போடுபவை. தறியில் இருந்தபோதும் இதேதான் நிலைமை. குழந்தைகளுக்கான விளையாட்டு யோசனைகள் பத்திரிகைகளில் நிறையவே வருகின்றன. அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், அறிவியல் முதலில் பார்க்கச் சொல்வது விளையாட்டின் பெயரையோ பொருளையோ அல்ல. அது பிள்ளையை வானத்தின் கீழே எவ்வளவு நேரம் நிறுத்திவைக்கிறது என்பதைத்தான்.

இதற்கு வலுவான சாட்சி கண். பிறந்த குழந்தையின் கண்கோளம் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும், வளர்ந்தவருக்கு அது 23 அல்லது 24. பிம்பம் சரியாக விழித்திரையில் விழும் இடத்தில் இந்த வளர்ச்சி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனாலே சுமார் இரண்டரை டையாப்டர் கிட்டப்பார்வை, அதாவது கண்ணாடிக் கடைக்காரர் ‘மைனஸ்’ என்று எழுதித்தருவது, வந்துவிடும். புத்தகத்தைக் கிட்டத்தில் வைத்துப் படிப்பதுதான் இதற்குக் காரணம் என்று நெடுநாள் நம்பினோம். 2008-இல் கேத்ரின் ரோஸும் சக ஆய்வாளர்களும் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். ஆறேழு வயதில் சிங்கப்பூரில் 29.1 சதவீதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை இருந்தது, சிட்னியில் 3.3 சதவீதத்துக்கு மட்டும். இத்தனைக்கும் சிட்னிக் குழந்தைகள் அதிகப் புத்தகம் படித்தவர்கள். அவர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூர்க் குழந்தைகள் 3 மணி நேரம். பெரிய வித்தியாசம் இங்கேதான் இருந்தது. அடுத்த ஆண்டு கோழிக்குஞ்சுகளில் நடந்த சோதனை, பிரகாசமான வெளிச்சம் கண்கோளம் நீள்வதைத் தடுக்கிறது என்று காட்டியது. வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் சுரக்கும் டோபமின் கண்ணின் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

ஒப்பீட்டை மட்டும் வைத்துக் காரணத்தை நிறுவ முடியாது. வெளியில் விளையாடும் குடும்பங்கள் வேறு விதங்களிலும் மாறுபட்டிருக்கலாமே என்று கேட்பவருக்குச் சீனாவின் குவாங்சௌ நகரம் பதில் வைத்திருக்கிறது. அங்கே குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே அனுப்பினார்கள். மூன்று ஆண்டு முடிவில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்கு. 2015-இல் வெளியான முடிவு இது. அதே ஆண்டு வெளியான டெல்லிப் பள்ளி ஆய்வில் 13.1 சதவீதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை இருந்தது. வாரத்துக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வெளியில் விளையாடியவர்களிடம் அது குறைவு. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வெளிச்சம் கிட்டப்பார்வை வராமல் தடுப்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது, வந்துவிட்டதை நிறுத்துவதற்கு அந்த அளவுக்கு இல்லை. ஆகவே கண்ணாடி போடும் வயதுக்கு முன்னால், பால்வாடியிலும் தொடக்கப் பள்ளியிலும்தான் இந்தக் கவலை வரவேண்டும்.

வீட்டுக்குள் டியூப்லைட் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. சாதாரண அறைக்குள் கிடைப்பது 500 லக்ஸுக்கும் குறைவு. வெளியே பட்டப்பகலில் 10,000 சர்வசாதாரணம், உச்சி வெயில் ஒரு லட்சம் வரை போகும். கண்ணின் பாவை சுருங்கி விரிந்தும் விழித்திரை பழகிக்கொண்டும் இந்த இடைவெளியை நம்மிடமிருந்து மறைத்துவிடுகின்றன. அதனால்தான் சின்ன ஜன்னல் வைத்த தறிவீடு நமக்கு இருட்டாகத் தெரிவதில்லை. காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் பிள்ளையை எப்படி அனுப்புவது என்ற நியாயமான ஆட்சேபத்துக்கும் தைவானில் விடை கிடைத்திருக்கிறது. வூ பெய்-சாங் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 1,000 லக்ஸுக்கு மேற்பட்ட மிதமான வெளிச்சமும், நேரம் நீண்டால், பயன் தந்தது. மரநிழலும் கட்டடத்தின் திறந்த நடைக்கூடமும் போதும் என்று அதற்குப் பொருள். உச்சி வெயிலில் குழந்தையை வாட்ட வேண்டியதில்லை. காலை எட்டரை மணிக்கு முன்னாலும் மாலை நாலரைக்குப் பின்னாலும், நடுவில் வேப்பமர நிழலும் கணக்கில் சேரும்.

இனி விளையாட்டுக்கு வரலாம். பல்லாங்குழி ஆடினால் கணக்கு வரும், ஐந்தாங்கல் ஆடினால் மூளை வளரும் என்று பாரம்பரிய விளையாட்டுகளுக்குப் பரிந்து பேசுவோர் அடிக்கடி சொல்கிறார்கள். சான்று அந்த அளவுக்குத் துணை நிற்கவில்லை. டெல்லியில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பால்வாடிப் பிள்ளைகளோடு எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் கணக்கு விளையாட்டுகளை ஆடவைத்துச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். எண்ணிக்கையையும் வடிவத்தையும் கண்ணாலேயே மதிப்பிடும் திறன் கூடியது, ஓராண்டுக்குப் பிறகும் நீடித்தது. பள்ளிக் கணக்கில் அந்த முன்னிலை நிலைக்கவில்லை. மதிப்பெண்ணைக் காட்டி விளையாட்டை விற்கும் பழக்கத்தை நாம் விட்டுவிடுவது நல்லது. விளையாட்டுக்கு அந்தச் சிபாரிசு தேவையும் இல்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளுக்கு 180 நிமிடம் உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும், திரைக்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. நுங்கு தின்றபின் மிஞ்சும் இரண்டு கூந்தலைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கொம்பால் தள்ளிக்கொண்டு ஓடும் நுங்கு வண்டி இந்த அளவுகோலை எளிதாகத் தாண்டிவிடும். நொண்டி, பச்சைக்குதிரை, கல்லா மண்ணா எல்லாமே தாண்டும். கிட்டிப்புள்ளை மட்டும் சிறுபிள்ளைகளிடமிருந்து தள்ளிவைப்பேன். பறந்துவரும் புள் எத்தனையோ கண்களைப் பதம்பார்த்திருக்கிறது, கண்ணைக் காக்கப் போய்க் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

ஓடாத விளையாட்டும் வேண்டும், ஏனென்றால் எந்தப் பிள்ளையும் இரண்டு மணி நேரம் ஓடாது. இங்கேதான் பட்டு ஊருக்கென்று ஒரு யோசனை. காஞ்சிபுரத்துப் பட்டு நூலின் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகைக்குப் பேர்போனது சூரத். புழு இல்லாத பட்டு ஊர் இது. ஆனால் வாசலில் தொட்டியில் ஒரு எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இருந்தால் போதும், எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி தேடிவந்து தளிரில் ஒவ்வொன்றாக முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு முதலில் பறவை எச்சம் போலவே தோற்றம் காட்டிப் பறவைகளை ஏமாற்றும், பிறகு இலைப் பச்சைக்கு மாறும். மெல்லச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு இரண்டை நீட்டி நெடியடிக்கும். கடைசியில் கூட்டுப்புழுவாகும்போது பட்டுப்புழுவைப் போல முழுக்கூடு கட்டாது. வாலைத் தண்டில் ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு பட்டிழையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். தறிவீட்டுப் பிள்ளை கண்ணால் பார்க்கவேண்டிய இழை அது. நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து சிறகு வரை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். புழுவைப் பாட்டிலில் அடைத்து உள்ளே கொண்டுபோக வேண்டாம், பாடம் கிடைக்கும், வெளிச்சம் கிடைக்காது. எருக்கிலும் வெந்தய வரியன் முட்டையிடும், ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கும். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. இவை இரண்டையும் தள்ளி நின்று காட்டினால் போதும்.

நிழலும் விளையாட்டுப் பொருள்தான். தரையில் ஒரு குச்சியை நட்டு மணிக்கு ஒருமுறை நிழல் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறிக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு வானியலின் முதல் கருவி கைக்கு வந்துவிட்டது. காஞ்சிபுரம் கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும், நண்பகலில் அந்தக் குச்சிக்கு நிழலே விழாது. டெல்லிக் குழந்தைக்கு இது கிடைக்காத காட்சி. கைலாசநாதர் கோயிலின் மணற்கல் சிங்கங்களை எண்ணுவதும், வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் ஒரே கல்லில் குடைந்த சங்கிலியைத் தேடிக் கண்டுபிடிப்பதும் இதே வகை. கோயில் விளையாடும் இடமா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். பந்தாட்டத்துக்கு அல்ல, சிற்பத்தின் மேல் ஏறுவதற்கும் அல்ல. ஆனால் திறந்த வெளிப் பிராகாரத்தில் எண்ணிக்கொண்டு நடக்கும் பிள்ளையால் எந்தச் சாமிக்கும் குறைவு வராது. குளக்கரை மட்டும் வேறு. கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் இல்லாமல் சிறுபிள்ளை அங்கே இருக்கக் கூடாது.

மண் அழுக்கு என்ற ஆட்சேபத்தை அப்படியே தள்ளவும் முடியாது, அப்படியே ஏற்கவும் முடியாது. பின்லாந்தில் மழலையர் காப்பகங்களின் முற்றத்தில் காட்டு மண்ணையும் புல்லையும் பரப்பி, 28 நாட்கள் குழந்தைகளை அதில் விளையாட விட்டார்கள். அவர்களின் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை பெருகியது, நோய் எதிர்ப்பை நெறிப்படுத்தும் குறிகள் ரத்தத்தில் கூடின. 2020-இல் வெளியான இந்த ஆய்வை வைத்து ‘மண்ணில் புரண்டால் நோயே வராது’ என்று நம் ஊரில் எழுதிவிடுகிறார்கள். பின்லாந்து மண்ணில் கொக்கிப்புழு இல்லை, நம் மண்ணில் உண்டு. வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டே அது உள்ளே போகும். செருப்பு, விளையாட்டுக்குப் பின் சோப்பு, பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் குடற்புழு மாத்திரை, இந்த மூன்றோடு மண் நல்லது.

மிச்சம் இருப்பது நேரம். தறியில் இருக்கும் தாய் தகப்பன் எழுந்துவந்து காவல் இருக்க முடியாது, ஒரு நாள் வேலை நின்றால் கூலி நிற்கும். இரு சக்கர வாகனங்கள் பறக்கும் தெருவில் பிள்ளையைத் தனியே விடவும் முடியாது. பெண்பிள்ளைக்கோ பத்து வயதிலேயே ‘உள்ளே வா’ என்ற குரல் வந்துவிடுகிறது, வெளிச்சக் கணக்கில் முதலில் நட்டப்படுவது அவள்தான். பாட்டி தாத்தாக்களும் பெரிய பிள்ளைகளும் கொஞ்சம் தாங்கலாம். முழுப் பொறுப்பையும் குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயமல்ல. பள்ளியால் இதைச் செலவில்லாமல் செய்ய முடியும். தைவானின் காவ்சியுங் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளி, இடைவேளை நேரங்களில் பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே அனுப்பியது, அவ்வளவுதான் செய்தது. ஓராண்டில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 8.41 சதவீதம், ஒப்பிட எடுத்துக்கொண்ட பக்கத்துப் பள்ளியில் 17.65. 2013-இல் வெளியான கணக்கு இது. காஞ்சிபுரத்துத் தலைமை ஆசிரியர்களே, வரும் கல்வியாண்டில் இடைவேளை மணி அடித்ததும் வகுப்பறையைக் காலிசெய்து கதவைச் சாத்துங்கள். முற்றத்தில் நிழல் இல்லையென்றால் இந்த மழைக்காலத்திலேயே இரண்டு புங்கமரம் நடுங்கள். விளையாட்டுப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள்.