129 வருஷம் ஃபீஸே இல்லாத காலேஜ்

நியூயார்க் சிட்டி காலேஜ். 1847-ல, வசதி இல்லாத வீட்டுப் பசங்களுக்காகத் தொடங்கின அரசு கல்லூரி. ஃபீஸ் கிடையாது. 1930-கள்ல சப்வே பிடிச்சு வந்து போன யூதக் குடும்பத்துப் பசங்க, கேன்டீன்ல ஒரு மூலை ஸ்டாலினுக்கு ஆதரவு, பக்கத்து மூலை எதிர்ப்புன்னு மணிக்கணக்கா சண்டை போடுவாங்க. (கிளாஸுக்கு எப்போ போனாங்கன்னு கேக்காதீங்க.) போலியோ தடுப்பூசி தந்த ஜோனாஸ் சால்க் இங்க படிச்சவர்தான்.

ஆனா காலேஜ் இருக்கிறது ஹார்லெம்ல. சுத்தி கறுப்பின மக்கள். உள்ள படிச்சவங்க பெரும்பாலும் வெள்ளையர்கள். 1969 ஏப்ரல்ல கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் வளாகத்தோட ஒரு பகுதியைப் பூட்டிப் போராடினாங்க. அடுத்த வருஷமே, நகரத்துல பள்ளி முடிச்ச எல்லாருக்கும் சிட்டி யுனிவர்சிட்டியோட ஏதாவது ஒரு கல்லூரியில சீட் உறுதின்னு ஆச்சு.

1976-ல நகரத்தோட கஜானா காலி. ஃபீஸ் வந்துடுச்சு. அந்தப் பசங்களுக்குக் கிடைச்ச இலவசம் ஆறே வருஷம்.