சுமோக்கள் எங்கே போயின?

பழவேற்காட்டுக் குப்பங்களில் கல்யாணம், பிரசவம், பொன்னேரியில் ஒரு அவசர வேலை என்றால் "சுமோவைக் கூப்பிடு" என்றுதான் ஒரு காலத்தில் சொல்வார்கள். இன்று அந்த வண்டியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இன்ஜின் கிழடாகிவிட்டது, அதனால்தான் என்பார்கள். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: பழி இன்ஜின் மேல் இல்லை. உப்பின் மேலும் ஆர்.சி. புத்தகத்தின் மேலும்தான்.

டாட்டா சுமோ 1994-ல் வந்தது, 2019-ல் தயாரிப்பு நின்றது. விபத்துப் பாதுகாப்பு விதிகள் இறுகின. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வேறு காத்திருந்தது. அதற்கேற்ப வண்டியை மாற்றச் செலவு செய்ய கம்பெனி முன்வரவில்லை. புதிது சேராவிட்டால் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்? ஆனால் கடலோரத்தில் அது வேகமாகக் குறைகிறது.

ஏனென்று வண்டிக்கடியில் குனிந்து பாருங்கள். சுமோவின் பாடி தனி, அதைத் தாங்கும் சேசிஸ் தனி. மீன் ஏற்றினால் ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் தண்ணீரும் உப்புத்தண்ணீர்தான். அது பின்பக்கத் தரை இடுக்கில் இறங்குகிறது. சேசிஸில் தண்ணீர் வெளியேற விட்ட துளைகளை மணல் அடைத்துவிடும். உள்ளே ஈரம் காயாது, துரு உள்ளிருந்தே தின்னும். மேலே பெயிண்ட் பளபளக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் சேசிஸைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் மொத்தென்று கேட்கும். சிலர் பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிப்பார்கள். கொஞ்ச நாள் தாங்கும், ஆனால் ரப்பர் புஷ்களைக் கெடுத்துவிடும். அதைவிட நல்ல தண்ணீரில் அடிக்கடி அடிப்பாகத்தைக் கழுவுவது மேல்.

இன்ஜினுக்கு உதிரிபாகம் கிடைக்கும். கதவு, பம்பர், கண்ணாடிக்குத்தான் திண்டாட்டம். அதற்குச் சென்னை புதுப்பேட்டைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு சுமோவைப் பிரித்தால் நாலு சுமோ பிழைக்கும், ஆனால் பிரித்தது பிரித்ததுதான்.

அடுத்தது காகிதம். சொந்த வண்டியின் ஆர்.சி. 15 வருஷத்தில் முடியும். சோதனைக்குக் காட்டினால் ஐந்து ஐந்து வருஷமாக நீட்டிக்கலாம். 15 வருஷம் ஆனாலே வண்டியை உடைத்துவிடுவார்கள் என்பது வதந்தி. டெல்லியில் 10 வருஷ டீசல் வண்டிக்கு விழுந்த தடையை இங்கே கேட்டு வந்த பயம் அது. 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளுக்கு மட்டும் 2023 ஏப்ரல் முதல் பதிவு ரத்து. நமக்குச் சுமை கட்டணம்தான்: காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருஷம் தாண்டியதற்கு 2025-ல் 10,000. துருப்பிடித்த சேசிஸை வெல்டிங் செய்யும் செலவையும் கூட்டிப் பார்த்தவர், வண்டியைத் தோப்போரம் நிறுத்திவிடுகிறார்.

எத்தனை சுமோ மிச்சம் என்ற கணக்கு அங்கேதான் தப்புகிறது. தோப்போரம் மக்குகிற வண்டியும் ஆர்.டி.ஓ. ஏட்டில் உயிரோடு இருக்கலாம். ஏட்டு எண்ணிக்கையைப் பார்த்து ரோட்டில் இத்தனை ஓடுகின்றன என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் வீட்டுச் சுமோ இனி ஓடாது என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பதிவை ரத்து செய்துவிடுங்கள். எடைக்குப் போடுவதற்கு முன்பே செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நம்பரில் வேறு யாராவது வண்டி ஓட்டினாலும் வழக்கு உங்கள் வாசலுக்குத்தான் வரும்.