நாலு சக்கரம் – 17: திருவந்திபுரத்துக்கு ஒரு கணக்கு, சிதம்பரத்துக்கு ஒரு கணக்கு

சென்ற வாரம் ஹைபிரிட் காரின் பேட்டரியைப் பற்றிப் பார்த்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மைலேஜைப் பற்றியவை. அதிலும் கடலூர்ப் பக்கத்து வாசகர்கள் சிலர் கேட்டது ஏறக்குறைய ஒன்றேதான்: “மார்கழி பிறந்தால் மைலேஜ் இறங்கிவிடுகிறதே, குளிர்தானே காரணம்?”

இல்லை. கடலூரில் அடிக்கிற குளிர் காரணமே இல்லை. மார்கழி விடியற்காலையில் அங்கே வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும். அதற்கே நாம் மஃப்ளர் சுற்றிக்கொள்கிறோம்; இன்ஜினுக்கு அது ஒரு பொருட்டில்லை. சித்திரை, வைகாசியில் ஏசி குடிக்கிற மின்சாரம் மார்கழியில் மிச்சமாவதால், நியாயமாகப் பார்த்தால் மைலேஜ் கொஞ்சம் ஏறவே வேண்டும். அப்படியும் இறங்குகிறது என்றால், தெர்மாமீட்டரை விட்டுவிட்டு நீங்கள் போகிற தூரத்தைப் பார்க்க வேண்டும்.

மஞ்சக்குப்பத்திலிருந்தோ திருப்பாப்புலியூரிலிருந்தோ திருவந்திபுரம் ஐந்தாறு கிலோமீட்டர். மார்கழியில் கல்யாண முகூர்த்தம் கிடையாது. அதனால் மற்ற மாதங்களில் முகூர்த்த நாளன்று மண்டபத்துக்கு மண்டபம் கார்களும் வேன்களும் மறித்து நிற்கிற அந்தச் சாலை இப்போது காலியாக இருக்கும். விடியற்காலையில் காரை எடுத்தால் பத்து, பதினைந்து நிமிடத்தில் தேவநாத சுவாமி சந்நிதி. தரிசனம் முடித்து, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றால் மலைமேல் ஹயக்ரீவரையும் சேவித்துவிட்டு இறங்குவதற்குள் ஒரு மணி நேரமாவது ஆகிவிடும். மறுபடி ஐந்தாறு கிலோமீட்டர், வீடு. நெரிசல் இல்லை, அவசரம் இல்லை, ஏசிகூட இல்லை. ஆனாலும் ஹைபிரிட் காருக்கு இதைவிட மோசமான பயணம் கிடையாது.

ஏன் என்று புரிய, இந்தக் கார் எங்கே மிச்சம் பிடிக்கிறது என்று தெரிய வேண்டும். மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் 2022-ல் வந்தபோது லிட்டருக்கு 27.97 கி.மீ. என்று சொல்லி அசத்தின. அதே ஆண்டு வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிடுக்கு 26.5. அடுத்து வந்த இன்னோவா ஹைகிராஸ், அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு 23.24. பெட்ரோலுக்குப் புதிதாக எந்தச் சக்தியும் வந்துவிடவில்லை. இன்ஜின் அணைந்திருக்கிற நேரத்தில்தான் லாபம். சிக்னலில் நிற்கும்போதும், மெதுவாக ஊரும்போதும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து உருளும்போதும் இன்ஜினை நிறுத்தி மோட்டார் பார்த்துக்கொள்கிறது. பிரேக் பிடித்தால் வீணாகிற வேகத்தில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. இன்ஜின் ஓடியே தீர வேண்டியபோது, குறைந்த பெட்ரோலில் அதிக வேலை கிடைக்கிற சுமையில் அதை ஓட்டுகிறது.

(பெயரில் மட்டும் ஹைபிரிட் என்று ஒட்டிக்கொண்டு, இன்ஜினுக்குச் சிறிய உதவி மட்டும் செய்கிற ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ ரகங்களுக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது. அவை மோட்டாரில் மட்டும் ஓடுகிற வண்டிகள் அல்ல. அவற்றிடம் 27-ஐ எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் ஷோரூமில் சரியான கேள்வியைக் கேட்கத் தவறியவர்கள்.)

இந்த லாபமெல்லாம் இன்ஜின் சூடேறிய பிறகுதான் முழுசாகக் கைக்கு வரும். காலையில் ஸ்டார்ட் பட்டனை அமுக்கியதும் பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் சற்று நேரத்தில் இன்ஜின் தானாக உறுமத் தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடானால்தான் நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும். அதைச் சூடாக்கவும், கூலன்ட்டையும் ஆயிலையும் சூடாக்கவும்தான் அந்த உறுமல். பழைய பிரியஸ் கார்களை அக்கு வேறு ஆணி வேறாக ஆராய்ந்தவர்கள் கண்ட கணக்குப்படி, கூலன்ட் 40 டிகிரியைத் தாண்டும்வரை இன்ஜின் நிற்கவே விரும்பாது. 70 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் நினைத்த நேரத்தில் தாராளமாக நிற்கும். 20 டிகிரியில் புறப்பட்ட கார் அந்த நிலைக்கு வருவதற்குள் கோபுரம் தெரிய ஆரம்பித்துவிடும். தரிசனம் முடிந்து வரும்போது சேர்த்து வைத்த சூட்டில் பாதி போயிருக்கும். ஒரே ஒரு தோசைக்காகக் கல்லைக் காயவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தோசைக்கு மறுபடி பற்றவைப்பதுதான் இது.

கம்பெனி சொல்கிற எண் பிறக்கிற பரிசோதனையைப் பாருங்கள். கூடத்துக்குள், உருளைகள்மேல், ஏசி இல்லாமல், ஏறக்குறைய இருபது நிமிடம், பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல், உச்ச வேகம் 90. உங்கள் கோயில் பயணம் அதில் பாதிதான். முதல் பாதியில் சூடேற்றச் செலவழித்ததை இரண்டாம் பாதியில் ஈடுகட்டுகிற வாய்ப்பே உங்கள் காருக்குக் கிடைப்பதில்லை.

இதே கார், இதே மார்கழி, ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போகட்டும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். பத்தாவது கிலோமீட்டருக்குள் இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்கும். சிதம்பரத்துக்குள் நுழைந்ததும் ரத வீதிகளைச் சுற்றிக் கூட்டம். ஊர்ந்து ஊர்ந்துதான் போக வேண்டும். சாதாரண பெட்ரோல் காரில் போகிறவர் நகராத வண்டியில் பெட்ரோல் எரிவதைப் பார்த்து நொந்துகொள்வார். சூடான ஹைபிரிட் அங்கே சத்தமே இல்லாமல் மோட்டாரில் நகரும். பேட்டரி இறங்கினால் இன்ஜின் சற்று நேரம் ஓடி நிரப்பிவிட்டு மீண்டும் அணையும். வழியில் மட்டும் ஒரு கட்டுப்பாடு தேவை. நாலு வழிச் சாலை வந்துவிட்ட தைரியத்தில் 100-ல் போனால், 80-ல் போவதைவிடக் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். ஹைபிரிட் என்பதற்காகக் காற்று வழிவிடாது.

ஸ்கார்பரோவிலும் டொரண்டோவிலும் ஹைபிரிட் ஓட்டுகிற நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற குறிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கே குளிர் நிஜமான எதிரி. அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன விவரப்படி, வெளி வெப்பம் 25 டிகிரியிலிருந்து மைனஸ் 7-க்கு இறங்கினால் நகர ஓட்டத்தில் சாதாரண பெட்ரோல் காரின் மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறையும். ஹைபிரிடுக்கு 30 முதல் 34 சதவீதம் வரை குறையலாம். கேட்டால் தலைகீழாகத் தோன்றும். ஆனால் அணைந்திருப்பதையே பிழைப்பாகக் கொண்ட இன்ஜினை, உள்ளே இருப்பவர்களுக்கு ஹீட்டர் வேண்டும் என்பதற்காக ஓடவிட்டால் நஷ்டம் அதற்குத்தானே அதிகம்? குளிர்ந்த பேட்டரி பிரேக் மின்சாரத்தையும் முழுதாக வாங்கிக்கொள்ளாது.

அதனால் அங்கே என்னென்னவோ செய்கிறார்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கிரில் இடைவெளியில் ஃபோம் குழாயைச் செருகிக் குளிர்காற்றை அடைக்கிறார்கள். இரவு முழுக்க இன்ஜினுக்கு மின்சார ஹீட்டர் மாட்டி வைக்கிறார்கள். டொயோட்டாவே 2004 முதல் வட அமெரிக்காவில் விற்ற பிரியஸில் ஒரு பெரிய ஃபிளாஸ்க்கை வைத்திருந்தது. சூடான கூலன்ட்டை அதில் பிடித்து வைத்து, மறுநாள் காலை இன்ஜினுக்குள் செலுத்தும். அடுத்த தலைமுறையில் அதை எடுத்துவிட்டு, புகைக்குழாயின் வெப்பத்தையே கூலன்ட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். அத்தனை பாடும் எதற்காக? அந்த முதல் சில கிலோமீட்டருக்காகத்தான்.

இதைப் பார்த்துவிட்டு இங்கே கிரில்லை அட்டை வைத்து மறைக்காதீர்கள். மார்கழி மதியத்தில் கடலூர் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்ஜினும் மின்சாரக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சூடேறிப் போனால் ஆகிற செலவுக்கு ஆயுசுக்கும் பெட்ரோல் போடலாம். அங்கேயிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே: சூடேறிய இன்ஜினை ஆறவிடாதே.

அதாவது வேலைகளைச் சேர்த்துச் செய்யுங்கள். கோயிலுக்குப் போய் வீட்டுக்கு வந்து, பிறகு காய்கறிக்கு, பிறகு வங்கிக்கு என்று மூன்று தடவை வண்டியை எடுப்பதை ஒரே சுற்றாக்குங்கள். தூரமான இடத்துக்கு முதலில் போய், கிட்ட இருப்பவற்றைத் திரும்பும் வழியில் முடியுங்கள். நெரிசலான கடைத்தெருவுக்கு வரும்போது இன்ஜின் தயாராக இருக்கும். ஐந்து கிலோமீட்டர் மட்டும்தான் வேலை என்றால் ஸ்கூட்டரில் போய்வாருங்கள். கார் பற்றிய தொடரில் இதை எழுதுவது ஆசிரியருக்குப் பிடிக்காமல் போகலாம்.

நம் வீடுகளில் இன்னொரு வழக்கம். முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்து வாசலில் நிறுத்திவிடுவோம். பிறகுதான் தேங்காய், பூ, துளசி மாலை இருக்கிற பை வரும், பாட்டி வருவார், கேட்டைப் பூட்டிவிட்டு ஒருவர் வருவார், பூட்டினோமா என்று இன்னொருவர் பார்த்துவிட்டு வருவார். அத்தனை நேரமும் இன்ஜின் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், மைலேஜ் சைபர். எல்லாரும் ஏறி, பெல்ட் மாட்டிய பிறகு கடைசியாகப் பட்டனை அமுக்குங்கள். உடனே புறப்படுங்கள், முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் மெல்லப் போங்கள். நின்று சூடேற்றுவதைவிட ஓடிக்கொண்டே சூடேற்றுவது எப்போதும் மேல்.

சத்தம் கேட்கக் கூடாது என்று காலையிலேயே, மோட்டாரில் மட்டும் ஓடவைக்கிற ஈவி பட்டனை அமுக்குவதும் வீண். கிராண்ட் விட்டாரா பேட்டரியின் கொள்ளளவு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அதைத் தீர்த்துவிட்டால், ஆறிக் கிடக்கும் இன்ஜின்தான் பிறகு இரட்டை வேலை பார்த்து நிரப்ப வேண்டும். எப்போது எதை ஓட்டுவது என்று முடிவு செய்யக் காருக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, அதை நம்புங்கள்.

மழை, பனிக் காலத்துக்கே உரிய பெரிய ஓட்டை ஏசி குமிழில் இருக்கிறது. கோடையில் 26-ல் வைத்து ‘ஆட்டோ’வில் விட்டதை அப்படியே வைத்திருப்பீர்கள். விடியற்காலையில் வெளியே 20, 21. கார் என்ன புரிந்துகொள்ளும்? உள்ளே சூடு வேண்டும் என்று. ஹீட்டருக்கு வெப்பம் வருவது கூலன்ட்டிலிருந்து. அதற்காக இன்ஜின் அணைய வேண்டிய இடத்திலும் ஓடலாம். கனடாவின் நோயைக் கடலூரில் விலைகொடுத்து வாங்குவது இது. காலையில் ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் வையுங்கள். கண்ணாடியின் உள்பக்கம் ஈரம் படர்ந்தால் முன்கண்ணாடிப் பட்டனை அமுக்கி, தெளிந்ததும் அணைத்துவிடுங்கள். வெளிப்பக்கம் படர்ந்தால் அது ஏசி கண்ணாடியைக் குளிர வைத்ததால் படிந்த கடற்கரை ஈரம். வைப்பரை ஒரு தடவை போட்டு, குளிரைக் குறைத்தால் போதும். கண் தெரியாமல் ஓட்டி மிச்சம் பிடிக்கிற பெட்ரோல் யாருக்கும் வேண்டாம்.

டயர் காற்றைக் கோடையில் பார்த்ததோடு விட்டவர்கள் இப்போது பாருங்கள். வெப்பம் 15 டிகிரி இறங்கினாலே இரண்டு பிஎஸ்ஐக்கு மேல் குறையும். தானாகக் கசிவது தனி. வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அளப்பதுதான் சரியான அளவு. பல ஹைபிரிட்களில் பேட்டரியைக் குளிர்விக்கிற காற்று பின் சீட்டுக்குப் பக்கத்துத் துவாரம் வழியாகப் போகும். அதன்மேல் பை, சால்வை, பிரசாதக் கூடை எதையும் வைக்காதீர்கள். பிரேக்கை முன்கூட்டியே, மெல்லப் பிடியுங்கள். கடைசி நேரத்தில் அழுத்திப் பிடித்தால் மின்சாரமாக வேண்டியது பிரேக் டிஸ்க்கில் வெறும் சூடாகப் போய்விடும்.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பங்க்குகளில் வருகிறது. திருவந்திபுரத்துக்கு அக்கம்பக்கத்து ஊரான நெல்லிக்குப்பத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஆட்டுகிற கரும்புக்கு இப்படியும் ஓர் உபயோகம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் சக்தி குறையும். வருடம் முழுக்க இருக்கிற இந்தக் குறையை மார்கழியின் தலையில் கட்டாதீர்கள்.

மைலேஜ் குறைகிறது என்று எழுதப்போகிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்ப்ளே காட்டுகிற எண்ணை அனுப்பாதீர்கள். பல கார்களில் அது கொஞ்சம் தாராளமாகவே பேசும். டேங்க்கை நிரப்பி கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பங்க்கில், முதல் தடவை தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்துப் பாருங்கள். கூடவே, ஒவ்வொரு தடவை வண்டியை எடுத்தபோதும் எத்தனை கிலோமீட்டர் போனீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். அந்தத் தூரம் தெரியாமல் உங்கள் காரில் பழுதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த வாரம்: மழைத் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யலாமா?