கிணற்று வெப்பமும் வீட்டு வெந்நீரும்

மார்கழி விடியலில் கிணற்று நீரை இறைத்து முகத்தில் விட்டுக்கொள்வோர் அது வெதுவெதுப்பாயிருப்பதை அறிவர். நீர் சூடேறிவிடவில்லை; காற்றே குளிர்ந்துவிட்டது. முப்பது அடிக்குக் கீழே நிலத்தின் உஷ்ணம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கிறது. கச்சிராயபாளையம் போன்ற சமவெளி ஊர்களில் அது சுமார் 27, 28 டிகிரியாகும். இவ்வெப்பத்தைக் கொண்டு வெந்நீர் தயாரிக்கும் வெப்பப் பம்பைப் பற்றி அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம்.

திருகோணமலைக் கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. அங்கே பூமியே நீரைச் சுடவைத்துத் தருகிறது. நம் நிலத்தில் உள்ளது மந்தமான வெப்பம். அதை மேலே தூக்கிவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டி, உள்ளிருக்கும் பண்டத்தின் வெப்பத்தை வாங்கிப் பின்புறத்தில் வெளியேற்றுகிறதல்லவா? அதே யந்திரந்தான் இதுவும். இதன் குளிர்ந்த பக்கம் கிணற்று நீரையும், சூடான பக்கம் வீட்டுத் தொட்டியையும் தொட்டு நிற்கின்றன. இடையே ஒரு திரவம் ஆவியாகி, அமுக்கப்பட்டுச் சூடேறி, வெப்பத்தைத் தொட்டியில் விட்டு, மீண்டும் திரவமாகிச் சுற்றுகிறது. நிலத்து வெப்பத்தை இவ்வாறு பயன்படுத்தச் சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிக் ஸோலி 1912-இலேயே காப்புரிமை பெற்றார்.

100 லிட்டர் நீரை 27-லிருந்து 50 டிகிரிக்கு உயர்த்தக் கீசருக்கு ஏறத்தாழ 2¾ யூனிட் மின்சாரம் வேண்டும். நல்ல வெப்பப் பம்புக்கு ஒரு யூனிட்டளவு போதும். மீதியைக் கிணறு தருகிறது. அதனால் கிணறு நீரை இழப்பதில்லை. சுமார் 300 லிட்டர் நீர் 5 டிகிரி குளிர்ந்து கிணற்றுக்கே திரும்புகிறது.

எனினும் இதற்கென்றே ஆழ்குழாய் துளைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. ஸ்வீடனில் குளிர்காலக் காற்று உறைநிலைக்கு வெகு கீழே போகிறது; நிலமோ அதற்கு மேலே நிற்கிறது. அங்கே துளைத்த செலவு வீணாவதில்லை. இங்கோ மார்கழி நண்பகலில் காற்றே கிணற்றளவு வெம்மையுடையது. காற்றிலிருந்து வெப்பம் வாங்கும் பம்பை நண்பகலில் ஓட்டி, வெந்நீரை உறையிட்ட தொட்டியில் விடியும்வரை காத்துவைத்தால் ஏறக்குறைய அதே பயன் கிட்டும். கல்வராயன் அடிவாரப் பாறையைத் துளைக்கும் செலவை நம் விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? வெயில் விழும் மாடியுள்ளவர் முதலில் சூரிய வெந்நீர்த் தொட்டியையே நாடுக.

ஒரு குடும்பத்தின் இரண்டு வாளி வெந்நீருக்கு இந்த யந்திரம் மிகை. பலர் கூடும் விடுதிக்கு ஏற்றது. இவ்வூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அளிப்போர் வேறொன்றையும் எண்ணலாம். மறுதாம்புக் கட்டைநோயைத் தவிர்க்க விதைக்கரணைகளை 50 டிகிரி வெந்நீரில் 2 மணி நேரம் வைக்கும் முறை உண்டு. அந்த உஷ்ணம் இதற்கு எளிது. நெசவாளரின் சாயத்தொட்டியைக் கொதிக்கவைக்க மட்டும் இதை நம்பலாகாது. 60 டிகிரியைத் தாண்டத் தாண்டச் சிக்கனம் குறைந்துகொண்டே போகும்.

வாங்குவோர், 100 லிட்டரை 27-லிருந்து 50 டிகிரிக்கு உயர்த்த எத்தனை யூனிட் ஆகுமென்று விற்பவரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுக.