மெக்ஸிகோ போக வேண்டியவர்கள் கம்பம் போன கதை!

வேலையை விட்டுவிட்டு எழுத வந்த பிறகும், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பழைய ஆபீஸ் நண்பர்களைப் பார்க்கப் போவது என் வழக்கம். (சாப்பாட்டுக்காக இல்லை, நம்புங்கள்!)

அப்படிப் போன ஒரு நாள், நண்பன் ஒருவன் செல்போனை நீட்டினான். "பாருடா, மெக்ஸிகோ டூர். பத்து நாள், கைடு உண்டு. மார்க்கெட்டைச் சுத்திக் காட்டுறாங்க, பழைய கோயில் காட்டுறாங்க, கடைசியில ஒரு கிராமத்துப் பாட்டி வீட்ல உட்கார வச்சு ரொட்டி தட்டக் கத்துத் தர்றாங்க!"

எல்லோரும் டிபன் பாக்ஸை மறந்து எட்டிப் பார்த்தோம். கீழே போட்டிருந்த தொகையைப் பார்த்ததும் அவரவர் டிபன் பாக்ஸுக்கே திரும்பிவிட்டோம். போதாக்குறைக்கு, 'விமான டிக்கெட் தனி'!

"ஒரு பாட்டி வீட்ல ரொட்டி சாப்பிட இவ்வளவா? உனக்குத்தான் தேனிப் பக்கம் ஊர் இருக்கு, பாட்டி இருக்கு. எங்களைக் கூட்டிட்டுப் போ. நீதான் கைடு" என்றான் இன்னொருவன்.

பி.காம். படித்தவனுக்கு 'கைடு' என்றால் பரீட்சைக்கு முந்தின நாள் வாங்கும் புத்தகம்தான். ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

ஒன்பது பேர். சென்னையில் போடி ரயில் ஏறி, காலையில் தேனியில் இறங்கினோம். 2010 கடைசியில் மீட்டர்கேஜ் வண்டி நின்ற பிறகு தேனி மறுபடி ரயிலைப் பார்த்தது 2022-இல்தான் என்ற சரித்திரத்தைப் பிளாட்பாரத்திலேயே சொன்னேன். யாரும் கேட்கவில்லை. "டீ எங்கேடா?" என்றார்கள்.

முதல் ஐட்டம், காய்கறி மார்க்கெட். இங்கேதான் என் சரக்கை அவிழ்த்துவிட்டேன்.

"இந்த மிளகாய் இருக்கே, இதுக்குப் பூர்வீகம் மெக்ஸிகோ. தக்காளியைப் பயிர் பண்ணிப் பழக்கினதும் அவங்கதான். மக்காச்சோளம், சௌசௌ, சப்போட்டா எல்லாம் அந்தப் பக்கத்துச் சரக்கு!"

போர்ச்சுக்கீசியர்கள் பதினாறாம் நூற்றாண்டில் கொண்டுவந்து இறக்கும் வரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். புதுசாக வந்த காயும் மிளகு மாதிரி உறைத்ததால் 'மிளகாய்' என்று பெயர் வைத்து வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டோம். பூக்கடையில் தொங்குகிற செண்டுப்பூவும் மெக்ஸிகோதான். அங்கே நவம்பர் 1, 2 தேதிகளில் செத்துப்போனவர்களை வீட்டுக்கு அழைக்கிற பண்டிகை. அவர்களுக்கு வழி தெரியட்டும் என்று இந்தப் பூவைத்தான் உதிர்த்துத் தூவி வைப்பார்கள். நாம் ஆயுத பூஜைக்கு பைக்கில் கட்டுகிறோம்.

"அப்ப மெக்ஸிகோ பார்த்தாச்சு. டிக்கெட் காசு மிச்சம்!" என்று ஒருவன் கை தட்டினான்.

வேனில் தெற்கே திரும்பினோம். வீரபாண்டி தாண்டி சின்னமனூர். பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியர் செப்பேடுகள் கிடைத்த ஊர் இது. மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் அந்தச் செப்பேட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்து உத்தமபாளையம், அப்புறம் கம்பம். ரெண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். பன்னீர் திராட்சை! வருஷம் பூரா காய்க்கும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. இதுவும் வந்த சரக்குதான். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்கிறார்கள்.

லோயர் கேம்ப்பில் பென்னிகுக் மணிமண்டபம். 1895-இல் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மேற்கே கடலுக்குப் போன தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர். ஜனவரி 15 அவர் பிறந்த நாள். இந்தப் பக்கம் அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைப்பார்கள். இந்தத் தண்ணீரால் கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம்.

நெல் வந்தது நல்ல விஷயம். ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. அது மத்தியானச் சாப்பாட்டில்தான் எனக்கு உறைத்தது.

திரும்புகிற வழியில், கம்பம் பக்கத்துக் கிராமத்தில் என் சின்ன அப்பத்தா வீட்டில் சாப்பாடு. சோளச்சோறுதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் கோழிக் குழம்பு, நெல்லுச்சோறு, கடையில் வாங்கின பரோட்டா!

"என்ன அப்பத்தா இது?"

"மெட்ராஸ்லருந்து ஆபீசருக வந்திருக்காக. அவுகளுக்குப் போய்ச் சோளச்சோறு போடுறதா? அசிங்கமா இருக்காதா ராசா?" என்றது அப்பத்தா, குரலைத் தாழ்த்திக்கொண்டு.

எனக்குப் பேச்சு வரவில்லை. நெல்லுச்சோறு பெரிய வீட்டுச் சோறு, சோளமும் கேப்பையும் இல்லாதப்பட்டவன் சோறு. எழுபது வருஷமாக அந்த நினைப்போடுதான் அது அடுப்பு ஊதியிருக்கிறது.

"பாட்டி, நாங்க வந்ததே அதுக்குத்தான்" என்று ஒன்பது பேரும் கெஞ்சினோம். கடைசியில் வெட்கத்தோடு உள்ளே போய், தனக்கென்று பண்ணி வைத்திருந்த சோளச்சோற்றைக் கொண்டுவந்தது. கூட மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு, அம்மியில் அரைத்த மிளகாய்த் துவையல். ஆளுக்கு ரெண்டு உருண்டைதான் கிடைத்தது. பரோட்டாவை யாரும் சீந்தவில்லை.

சாப்பிட்டபடியே, கைடு வேலையில் கடைசிப் பாகத்தைச் சொன்னேன். மெக்ஸிகோ பாட்டிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறப்போட்டு, கழுவி, நம் அம்மி மாதிரியே ஒரு கல்லில் அரைத்துத்தான் ரொட்டி தட்டுவார்கள். ஐரோப்பாக்காரர்கள் மக்காச்சோளத்தைக் கப்பலில் ஏற்றினார்கள். சுண்ணாம்பு விஷயத்தைப் பாட்டிகளிடம் கேட்டுக்கொள்ளவில்லை. விளைவு? அதையே மூணு வேளையும் தின்ற இத்தாலி, ஸ்பெயின் ஏழைகளுக்கு பெலாக்ரா என்ற நோய் வந்தது. தோல் வெடித்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். மக்காச்சோளத்தில் இருக்கிற நயாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேர அந்தச் சுண்ணாம்பு வேண்டும் என்று ரொம்ப காலம் கழித்துத்தான் விஞ்ஞானத்துக்குத் தெரிந்தது.

தானியம் போனது, கைப்பக்குவம் போகவில்லை. அவ்வளவுதான் கதை.

மெக்ஸிகோ சமையலை யுனெஸ்கோ 2010-இல் மனிதகுலத்தின் பாரம்பரியச் சொத்தாகப் பதிவு செய்தபோது, மிச்சோவாகான் என்கிற மாநிலத்து கிராமத்துச் சமையல்காரிகளைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். அந்த ஊர்ப் பாட்டி ரொட்டியைப் பெருமையாகத் தட்டுகிறாள், நாம் டிக்கெட் விலை பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். நம் ஊர்ப் பாட்டி சோளச்சோற்றை ஒளித்து வைக்கிறாள்!

இதில் எனக்கு என்ன யோக்கியதை? என் சொந்த அப்பத்தா இறந்து ஆறு வருஷமாகிறது. அது வைக்கிற புளிக்குழம்பு மாதிரி அப்புறம் யாருக்கும் வரவில்லை. அம்மாவுக்கும் வரவில்லை. தேய்மானம் முதல் நற்பெயர் வரை எல்லாச் சொத்துக்கும் கணக்கு எழுதப் படித்த நான், அந்த ஒரு குழம்புக்கு ஒரு வரி எழுதி வைக்கவில்லை. நோட்டு இருந்தது, பேனா இருந்தது. கேட்கத் தோன்றவில்லை.

இந்த முறை நோட்டை எடுத்தேன். "சொல்லு அப்பத்தா."

"என்னத்தச் சொல்ல? சோளத்துல தண்ணி தெளிச்சு, உரல்ல போட்டுக் குத்தி, சொளகுல பொடச்சுத் தவிட்ட எடுக்கணும். மறுக்காக் குத்திக் குருணையாக்கி, கொதிக்கிற தண்ணியில போட்டுக் கைவிடாமக் கிண்டணும்."

"எவ்வளவு தண்ணி?"

"காணுற அளவுக்கு."

"உப்பு?"

"பாத்துப் போடு."

கிளம்பும்போது நண்பர்கள் கையில் பணத்தைத் திணிக்கப் பார்த்தார்கள். "பேரன் வீட்டுப் பிள்ளைககிட்டக் காசு வாங்குறதா?" என்று அப்பத்தா முறைத்தது. பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த தடவை உம்பொண்டாட்டியக் கூட்டிட்டு வா. அம்மி அரைக்கக் கத்துத் தாரேன்" என்றது.

"நானே அரைக்கிறேனே அப்பத்தா."

"ஆம்பளப் பிள்ளையா!" என்று தெருவே கேட்கச் சிரித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையில் அரைத்தேன். உப்பு, பார்த்துத்தான் போட்டேன். ஜாஸ்தியாகிவிட்டது. அப்பத்தாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன். கேட்க ஆள் இருக்கிறபோதே கேட்டுவிட வேண்டும், சார். உங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்?