அடைபட்ட தமனியும் கடிகார முள்ளும்

மாரடைப்புக்கு ஊசி மருந்து சிறந்ததா, பலூன் சிகிச்சை சிறந்ததா என்று பலர் என்னை வினவுவதுண்டு. இராயபுரத்தாருக்கும் மீஞ்சூராருக்கும் ஒரே விடை பொருந்தாது என்பதே என் மறுமொழி.

இருதயத் தசைக்கு இரத்தம் கொணரும் தமனியில் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுவதே மாரடைப்பாகும். அடைப்பு நீடிக்க நீடிக்கத் தசை மடிகிறது. மடிந்த தசை மீள்வதில்லை. ஆகவே வழியை விரைந்து திறத்தல் வேண்டும்.

அதற்கு முறைகள் இரண்டு. ஒன்று, உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்தை ஊசி வழியே செலுத்துதல். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் மருந்தை 17,187 பேரிடம் சோதித்த ஆய்வு 1988-இல் வெளிவந்தது. அம்மருந்து பெறாதோரில் நூற்றுக்கு 12 பேரும், பெற்றோரில் ஏறத்தாழ 9 பேரும் ஐந்து வாரத்துள் மாண்டனர். சிறு மருத்துவமனையிலும் இதனைக் கொடுக்கலாம். ஆயினும் சிலருக்கு அடைப்புக் கரையாது. சிலருக்கு மூளையில் இரத்தம் கசியக்கூடும்.

மற்றொன்று, கை அல்லது தொடையின் தமனி வழியே நுண்குழாயைச் செலுத்திப் பலூனை விரித்து, ஸ்டென்ட் பொருத்துதல். பலூன் முறையை இருதயத் தமனியில் 1977-இல் ஜூரிச் நகரில் முதன்முதல் செய்தவர் டாக்டர் குரூன்ட்ஸிக். இரு முறைகளையும் ஒப்பிட்ட 23 ஆய்வுகளின் தொகுப்பு 2003-இல் வெளியாயிற்று. ஊசி பெற்றோரில் நூற்றுக்கு 9 பேரும், பலூன் சிகிச்சை பெற்றோரில் 7 பேரும் இறந்ததாக அது காட்டியது.

அவ்வாறாயின் பலூனே போதுமே எனலாம். இங்குதான் கடிகாரம் குறுக்கிடுகிறது. நோயைக் கண்டறிந்த 120 நிமிஷத்துக்குள் பலூன் சிகிச்சை கிட்டுமாயின் அதுவே முதன்மையானது. கிட்டாதெனில், தடையொன்றும் இல்லாதவருக்கு உடனே ஊசியைப் போட்டுவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதலே நெறி. இராயபுரத்தாருக்கு ஸ்டான்லி மருத்துவமனை அண்மையில் உள்ளது. மீஞ்சூரிலிருந்து அது ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இடையே துறைமுக லாரிகளின் நெரிசல் வேறு.

இவ்விரு முறைகளையும் இணைத்து, சிறு மருத்துவமனைகளைப் பெரியனவற்றோடு பிணைக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டிலேயே சோதிக்கப்பட்டது. ஓராண்டுக்குள் நேரும் இறப்பு நூற்றுக்கு 17.6-இலிருந்து 14.2 ஆகக் குறைந்தமை 2017-இல் வெளியாயிற்று.

எனினும், மருத்துவரிடம் வாராதவருக்கு எம்முறையும் உதவாது. நெஞ்சை அழுத்தும் வலியை வாயு என்று கருதிச் சோடா அருந்திக் காத்திராதீர்கள். 108-ஐ அழையுங்கள், ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். வலி எப்போது தொடங்கிற்று என்பதையும் மறவாது கூறுங்கள். சிகிச்சையைத் தெரிந்தெடுக்க மருத்துவருக்கு முதலில் வேண்டுவது அந்த மணிக்கணக்கே.